மடிப்பு விழுந்த அளவோலை

பனங்குருத்தைக் காயவைத்து எடுத்த இந்தச் சார்வோலைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்களுக்கு எழுதுகிறேன். இதில் ஒரேயொரு மடிப்பு இருக்க வேண்டும். இப்போது ஐந்தாறு கிடக்கின்றன. எது தையல் மெசினின் நீளம், எது என் மடிக்குள் கசங்கியதில் விழுந்தது என்று எனக்கே தெரியவில்லை. இந்த வெட்கக்கேட்டை உங்களைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன்?

சுன்னாகத்தில் ஒரு வீட்டில் தங்கள் மெசினுக்கு ஓலையால் மூடி இழைத்துத் தரக் கேட்டார்கள். நீங்கள் போய் ஒரு வருஷமாகி, உங்கள் ஆட்டைத்திவசம் முடிந்தபின் வந்த முதல் ஓடர். அளவெடுக்க எப்போதும் நீங்கள்தான் போவீர்கள். இன்று நான் போனேன். மெசினோடு ஓலையைப் பிடித்து, முடிகிற இடத்தில் மடித்தேன். அதுவரை எல்லாம் சரி. அவர்களுடைய படலையைத் தாண்டியதும் ஓலையைச் சுருட்டி மடிக்குள் ஒளித்துவிட்டேன்.

சந்தைக்குக் கிட்ட உங்களிடம் படித்த பையன் ஒருவன் நின்றான். இப்போது மீசையும் தொந்தியுமாய் ஒரு பெரிய மனிதன். எங்கே போய் வருகிறேன் என்று கேட்டான். கோயிலுக்கு என்றேன். கோயில் ஒரு பக்கம், நான் வந்த வழி இன்னொரு பக்கம். அவன் மரியாதைக்காரன், தலையை ஆட்டிவிட்டுப் போனான். எனக்குக் காது இரண்டும் சுட்டன. அதற்குள் ஓலையும் இடுப்பில் குத்தத் தொடங்கியிருந்தது.

எங்கள் ஊரில் ஓலை இழைக்கத் தெரியாத பெண் யார்? ஆனாலும் தன் வீட்டுக்கு இழைத்தால் அது கைவேலை, பிறத்தியார் கேட்டு இழைத்துக் கொடுத்தால் குறைச்சல். உங்கள் தமக்கை அதை என் முகத்துக்கு நேரேயே சொன்னார். புகையிலைக்குத் தண்ணீர் கட்டி, சமையலையும் முடித்து, மிஞ்சிய நேரத்தில்தான் நான் இழைத்தேன். இழைப்பதில் எனக்கு ஆசை. அந்த ஆசையைச் சுமந்துகொண்டு ஊர் சுற்றியது நீங்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார், சைக்கிளில் நான் இழைத்த பெட்டிகளைக் கட்டி, மேலே சால்வையால் மூடிக்கொண்டு போவீர்கள்.

அளவோலை கொண்டுபோங்கோ என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். கேட்க மாட்டீர்கள். கையால் சாண் போட்டுப் பார்த்து, கணக்கை மனதில் வைத்துக்கொண்டு வருவீர்கள். பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு, பலகாரத் தட்டங்களை உள்ளே வைத்து மூடுகிற பெட்டிகள் கேட்டபோதும் அப்படித்தான். இரண்டு சாண் அகலம் என்றீர்கள். நீங்கள் சொன்னது உங்கள் சாண், நான் இழைத்தது என் சாணுக்கு. பெட்டிகள் அழகாய்த்தான் வந்தன. தட்டங்கள்தான் உள்ளே இறங்கவில்லை.

பெரிய வீட்டு ஆள் அவற்றை நம் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பள்ளிக்கூட விறாந்தையில் அடுக்கிவிட்டு, பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னானாம்: "வாத்தியார், உங்கடை மனிசி இழைச்ச பெட்டிக்குள்ளை எங்கடை தட்டம் போகேல்லை."

பின்னேரம் நீங்கள் பெட்டிகளை இறக்கி வைத்தபோது சால்வை உங்கள் தோளில் கிடந்தது. மூடாமல் கொண்டுவந்திருக்கிறீர்கள். இனி ஒருவருக்கும் இழைக்க மாட்டேன் என்று அழுதேன். நீங்கள் கதிரையில் இருந்தபடி சொன்னீர்கள்:

"இஞ்சாரும், உம்மிலை பிழையில்லை. ஓலையைக் கையிலை கொண்டுபோக வெக்கப்பட்டன், அதுதான் பிழை. ஒரு சார்வோலை தாரும்."

மறுநாள் அந்த ஓலையைக் கொடிக்கம்பம் மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பெரிய வீட்டுக்குப் போனீர்கள். சைக்கிளைக்கூட எடுக்கவில்லை. வேலிப்பொட்டால் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒழுங்கையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என்ன வாத்தியார் கையிலை என்று ஒருவர் கேட்டார். "மனிசிக்கு அளவெடுக்கப் போறன்" என்று நீங்கள் சொன்னது வளவுக்குள் நின்ற எனக்கும் கேட்டது. நான் பெருமைப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ மானம் போனது போல இருந்தது. அடுப்படிக்குள் போய் இருந்துவிட்டேன். நீங்கள் வந்து ஓலையை நீட்டியபோதும் நிமிர்ந்து பார்க்காமலே வாங்கினேன்.

பெட்டிகளைத் திரும்ப இழைத்தேன், தட்டங்கள் இறங்கின, கல்யாணமும் நடந்தது. அதன்பிறகு உங்களைப் பிடிக்க முடியவில்லை. முகட்டு வளை முழுக்க ஆளாளுக்கு ஒரு ஓலை செருகி வைத்தீர்கள். அவசரப்பட்டு வருகிறவர்களை, பள்ளிக்கூடத்தில் லீவு கேட்கும் பிள்ளைகளை மறிப்பது போல மறிப்பீர்கள். "வைகாசிக்கு முந்தி ஏலாதெண்டு சொல்லிப்போட்டன்" என்று என்னிடம் வந்து பெருமையாய்ச் சொல்வீர்கள். அந்த வருஷங்களில் எனக்கு ஓர் அளவும் பிழையாய்ப் போனதில்லை. வெட்கப்படவும் வேலை இருக்கவில்லை, அதை எனக்காக நீங்கள் ஒருவரே பட்டு முடித்திருந்தீர்கள்.

நாளைக்குச் சுன்னாகத்துக்கு மறுபடியும் போய், அளவைக் கெடுத்துப்போட்டேன் என்று சொல்ல வேண்டும். புது ஓலை ஒன்றை, பனியில் நனைந்து பதமாகட்டும் என்று முற்றத்தில் போட்டிருக்கிறேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போவேன், வருவேன். அந்தப் பையன் நின்றால் அவன் கேட்க முன்னமே சொல்லிவிடுவேன். முகம் எரியும். எரியட்டும். அன்றைக்கு உங்கள் முகமும் எரிந்துதான் இருக்கும். நான்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை.