ஆடி என்றால் கேள்

ஆடி மாதம், செவ்வாய் இரவு.

என் கணவரின் ஆடி காரை விற்க நினைத்திருந்தேன். அவர் போய் ஏழு மாதமாகிறது. காலையில் நாச்சியாபுரத்திலிருந்து ஒருவர் பார்க்க வந்தார்.

"பேருக்கு அர்த்தம் தெரியுமா ஆச்சி? இதை ஆரம்பிச்சவரு முதக் கம்பெனிய விட்டு வெளிய வந்துட்டாரு. அப்புறம் புதுக் கம்பெனிக்குச் சொந்தப் பேரையே வைக்க அவங்க விடலை. ஜெர்மன்ல அவரு பேருக்கு 'கேள்'னு அர்த்தம். அதையே லத்தீன்ல மாத்தி ஆடின்னு வச்சுட்டாரு."

வந்தவரும் டிரைவர் சின்னையாவும் முன்னால் ஏறினார்கள். பின்சீட்டில் நான் மட்டும். கதவைச் சாத்தியதும், என் பக்கத்தில் யாரோ இருமுறை தொண்டையைச் செருமினார்கள். முன்னால் இருந்த இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வந்தவர் இறங்கிவிட்டார். "ஆடி கழியட்டும் ஆச்சி, பொறவு பாப்போம்."

"நீங்களா செருமுனீக?" என்றார் சின்னையா.

"ஆமா" என்றேன். பொய்தான்.

ஆஸ்பத்திரியில் கடைசி இரவு என் கணவர் அப்படித்தான் செருமினார். ஏதோ சொல்ல வந்தார். தூங்குங்க, காலையில் பேசலாம் என்று நான் விளக்கை அணைத்துவிட்டேன்.

சாயங்காலம் தனியாகப் போய் அதே இடத்தில் உட்கார்ந்தேன். "சொல்லுங்க, கேக்குறேன்" என்றேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. இறங்கலாமென்று கதவில் கைவைத்தபோது பக்கத்துச் சீட் மெல்ல அமுங்கியது.

கையை எடுத்துவிட்டேன். இருட்டும்வரை இறங்கவில்லை. கார் விற்பனைக்கில்லை என்று சின்னையாவிடம் சொல்லியிருக்கிறேன். காரணம் அவர் கேட்கவில்லை.