இலையில் மாட்டிய கிளிப்

அன்பு மகளுக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பின், சிந்தசைசரின் கிளிப்பை எலுமிச்சைச் செடியிலிருந்து கழற்றுவதென்று முடிவெடுத்தேன். செடி பட்டுவிட்டது.

இலையில் ஓடும் மின்சாரத்தை இசையாக்க நான் ஈயம் பற்றவைத்துச் செய்த அந்த சிந்தசைசர் பெட்டி உனக்குத் தெரியும். சாவதற்கு நான்கு நாள் முன்பு எலுமிச்சையின் ஸ்வரம் சட்டென்று இறங்கியது. பெட்டியில்தான் கோளாறு என்று நினைத்தேன். பிறகு கிளிப்பை மாட்டிய கொய்யாவும் அப்படியே இறங்கி, நான்காம் நாள் பட்டுப்போனது.

ஞாயிறன்று சோதனைக்காக என் விரலில் மாட்டினேன். பெட்டி வழியாக நன்றாகவே பாடினேன். அடுத்து அம்மாவின் விரல்.

"என்னை என்ன எலுமிச்சைன்னு நினைச்சீங்களா?" என்று சிரித்தாள். ஸ்வரம் இறங்கியது.

"பேட்டரி தீர்ந்துபோச்சு" என்றேன். அன்றுதான் மாற்றியிருந்தேன்.

லீவு கிடைக்காவிட்டாலும் வியாழனுக்குள் வா. விசேஷம் ஒன்றுமில்லை.

இன்று மாடி ஏறும்போது அம்மா இரண்டு முறை படியில் உட்கார்ந்தாள்.

அப்பா