பச்சை குத்தியவர்கள் இறங்கக் கூடாது

ஷின்ஷூ,
6 நவம்பர் 2014

தங்கச்சி கினுவுக்கு அக்கா ஹருயோ எழுதுவது.

முதலில் பிள்ளைகள் சேதி. மூத்த பேரன் தைச்சி ரயில் நிலையத்தில் உதவி அதிகாரி ஆகிவிட்டான். தொப்பிதான் கொஞ்சம் பெரிசு. பேத்தி நவோ ஆங்கிலப் பரீட்சையில் தேறி, நம் விடுதிக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களோடு தடதடவென்று பேசுகிறாள். கடைக்குட்டி மணிச்சட்டக் கணக்கில் முதல் பரிசு. அஞ்சாங்கிளாஸோடு நின்ற உன் அக்காவின் பேரப்பிள்ளைகள், பார்த்துக்கொள்!

உனக்கு மார்பில் அறுவை நடந்து ஆறு வருஷம். அன்றிலிருந்து, நம் விடுதியில் ஊர்ப் பெண்கள் எல்லாரும் துணியில்லாமல் சேர்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டியில் நீ இறங்கவில்லை. கூப்பிட்டால் முழங்கால் வலி என்கிறாய். முழங்காலுக்குத்தானடி வெந்நீர்!

போன செவ்வாய் கனடாவிலிருந்து ஒருத்தி வந்தாள். நன்றாகத் தேய்த்துக் குளித்த பிறகுதான் தொட்டியில் இறங்கவேண்டும் என்று நவோ படம் காட்டிச் சொன்னாள். ரவுடிக் கும்பல்களுக்குப் பயந்து நாம் வைத்த விதி, பச்சை குத்தியவர்கள் இறங்கக் கூடாது என்பதைச் சொல்ல மறந்துவிட்டாள். வாசல் பலகை நம் எழுத்தில்தானே இருக்கிறது? கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு குவாபாரா அம்மா துண்டோடு ஓடி வந்தாள்.

"ஹருயோக்கா, உள்ள ஒரு பொம்பள ரவுடி! நெஞ்செல்லாம் பச்சை!"

வெளியே அனுப்பத்தான் போனேன். பார்த்தால், இடது பக்கம் மார்பே இல்லை. தழும்பு நெடுக ஒரு கொடி, நீலப் பூ. அவள் என்னைப் பார்த்து, "சூடு... நல்லா இருக்கு" என்று நம் பாஷையில் சொன்னாள். என்ன சொல்ல வந்தேன் என்பதே மறந்துபோச்சு. நானும் இடுப்புக் கச்சையை அவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் இறங்கிவிட்டேன்.

உன் நினைப்புதான். எப்போது வருகிறாய்?

உன் அக்கா,
ஹருயோ

நாகோயா,
12 நவம்பர்

அக்காவுக்கு,

ஊரார் உடம்பை உற்றுப் பார்க்கிற வயசா உனக்கு? எனக்குப் பூவும் வேண்டாம், கொடியும் வேண்டாம். வரமாட்டேன்.

அவளுக்குத் தழும்பில் சூடு எரியவில்லையாமா? அத்தனை பேர் பார்க்கத் துண்டால் மூடிக்கொள்ளவில்லையா? அவள் ஊரில் எல்லாரும் இப்படியா?

கூட்டமில்லாத நேரம் எது?

கினு

ஷின்ஷூ,
30 நவம்பர்

கினு,

நீ வந்து போய் மூன்று நாள் ஆகிறது. காலை பத்து மணிக்கு ஈ காக்கை இருக்காது என்று நான் ஃபோனில் சொன்னது உண்மையடி. முதல் பனி அன்றைக்கே விழுந்து, தெருவே வெந்நீருக்கு வந்துவிடும் என்று யார் கண்டது? வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டு போயிருப்பாய்.

துண்டை மார்போடு அழுத்திக்கொண்டு நீ வாசலிலேயே நின்றாய். நல்லவேளை, குவாபாரா அம்மா கத்தினாள்: "கதவைச் சாத்து கினு, குளிர் அடிக்குது! இந்தா, என் பக்கம் வா." நகர்ந்து இடமும் விட்டாள். அவள் இடம் விட்டு நான் பார்த்ததே இல்லை.

அரைமணி கழித்து, எல்லாரையும் போல நீயும் துண்டை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டாய். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். பார்த்தேன்.

கூடத்தில் மாட்டியிருக்கும் உன் படம் அறுவைக்கு முந்தினது. புதுசாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்காதே.

ஹருயோ