புளியோதரை சாப்பாட்டில் சேருமா?

1983 ஆகஸ்ட் 9

இன்றும் உள்ளங்கால்கள் எரிந்தன. எரிந்தன என்பது மிகச் சின்னச் சொல். மலை உச்சியில் ஏற்றுகிற தீபத்தை இறக்கிக்கொண்டு வந்து என் பாதத்தில் வைத்துவிட்டார்கள் என்றுதான் எழுத வேண்டும். என் பாத்திரக்கடையில் இருப்பதிலேயே பெரிய அண்டாவில் தண்ணீர் ஊற்றி, இரண்டு கால்களையும் உள்ளே விட்டுக்கொண்டு, சக்கரவர்த்தி தோரணையில் வியாபாரம் பார்த்தேன். ஒரு அம்மாள் வந்து அந்த அண்டாவையே விலை கேட்டாள்.

அக்கா மகன் பரசுராமன் எட்டிப் பார்த்தான். “இன்னா மாமா, காலுக்கு அபிஷேகமா?”

“காலுக்குள்ள பத்தாயிரம் செவ்வெறும்பு கல்யாண ஊர்வலம் போவுதுடா.”

விழுந்து விழுந்து சிரித்தான். நான் எதைச் சொன்னாலும் சிரிக்கிற குடும்பம்.

ஆகஸ்ட் 12

இது சாப்பாட்டின் சதி. ஒருநாள் மாலை கொள்ளி வைத்தது போல் இருக்கிறது. இன்னொரு நாள் பாதி கூட இல்லை. ஏன்? அன்றைக்கு எதைத் தின்றேன்? எதைத் தின்னவில்லை? நாளை முதல் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கப் போகிறேன். பூமி தோன்றிய நாளிலிருந்து எவனும் செய்யாத ஆராய்ச்சி. திரௌபதியிடம் முறைப்படி அறிவித்தேன்.

“முதல்ல வாயை நிறுத்திப் பாருங்க” என்றாள். மனைவிமார்களுக்கு விஞ்ஞானம் பிடிப்பதில்லை.

ஆகஸ்ட் 20

எதிர்வீட்டு ஜோதியம்மாள், “தயிரு வாயுங்க, நரம்புல போய் உக்காந்துக்கும்” என்றாள். பால், தயிர், மோர் மூன்றும் நாடு கடத்தப்பட்டன. கவிச்சியும் முட்டையும் என் இலையில் ஏறிப் பல வருஷமாகிறது. சாமி தேருக்குக் கட்டை போட ஆரம்பித்தபோது நேர்ந்துகொண்டு விட்டது. கத்தரிக்காயை விசாரித்தேன், குற்றமில்லை. உருளைக்கிழங்குக்கும் விடுதலை.

செப்டம்பர் 3

புளி நிறுத்தம். திரௌபதி தனக்கு மட்டும் வத்தக்குழம்பு வைத்து, என் எதிரிலேயே உட்கார்ந்து, விரலை நக்கிச் சாப்பிட்டாள். ஹிரண்யனுக்குக்கூட இப்படி ஒரு தண்டனை கிடைத்ததில்லை.

செப்டம்பர் 15

எரிச்சல் அப்படியே இருக்கிறது. புளி நிரபராதி. சகல மரியாதைகளோடும் குழம்புக்குத் திரும்புகிறது.

செப்டம்பர் 18

கடையைச் சாத்திவிட்டு வழக்கம்போல் கோயிலுக்குப் போய், பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டு வீடு வந்தேன். வாசலில் திரௌபதி கேட்டாள்: “இன்னொரு செருப்பு எங்க?”

குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இல்லை.

எங்கே கழன்றது? தெரியாது. ஜல்லி கொட்டியிருக்கிற தெருவில் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். ஒண்ணுமே தெரியல.

கார்த்திகைக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. பெரிய தேரில் முன்பக்கத்து வலது சக்கரம் என் பொறுப்பு. உருண்டு வருகிற சக்கரத்துக்கு அடியில் கட்டையைத் தள்ளிவிட்டு, கண் இமைப்பதற்குள் காலை இழுத்துக்கொள்ள வேண்டும். கால் எங்க இருக்குதுன்னே தெரியாதவன் எதை இழுப்பான்?

பயமா இருக்கு. யார்கிட்ட சொல்றது? சொன்னா சிரிப்பாங்க.

செப்டம்பர் 20

பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மா சரோஜாவிடம் போனேன்.

“அம்மா, என் காலுக்குள்ள ஒரு எரிமலை—”

“கதை வேணாங்க. எங்க, எப்போ, எப்படி. அதை மட்டும் சொல்லுங்க.”

வாழ்க்கையில் முதல் தடவையாக அளவாகப் பேசினேன். வியர்த்துவிட்டது.

சிறுநீரில் சர்க்கரை பார்த்தார், இல்லை. நாக்கை நீட்டச் சொன்னார். வழவழவென்று சிவந்து கிடக்கிறதாம். பிறகு இரும்புக் கவட்டை ஒன்றைத் தட்டி முழங்காலில் வைத்தார். கிர்ரென்று அதிர்ந்தது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, அடுத்தது கால் கட்டைவிரல் என்றார். எப்போது வைப்பார் என்று காத்திருந்தேன்.

“வெக்கலீங்களா?”

“அப்பவே வெச்சாச்சுங்க.”

ரத்தம் எடுத்தார்கள்.

செப்டம்பர் 23

என் ரத்த அணுக்கள் ஊதிப் பெருத்திருக்கின்றனவாம். வேறொரு சமயமாக இருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

டாக்டரம்மா விரல் மடக்கினார். “கவிச்சி இல்ல, முட்டை இல்ல. இருந்த பாலும் தயிரும் நிறுத்திட்டீங்க. அப்புறம் பி-12 எந்த வழியா உள்ள வரும்?”

நரம்புக்கு வேண்டிய சத்தாம் அது. பல வருஷமாக அரைப்பட்டினி கிடந்த நரம்பின் வாயிலிருந்து மிச்சச் சோற்றையும் பிடுங்கியிருக்கிறேன், ஆராய்ச்சி என்ற பெயரில்! ஊசி எழுதிக்கொடுத்தார். தயிருக்கு மன்னிப்பு.

“எரிச்சல் கம்மியாவும். உணர்ச்சி திரும்ப நாளாவும்.”

“தேருக்கு முன்னாடி திரும்பிடுங்களா?”

“நரம்புக்குத் தேர் தேதி தெரியாதுங்க.”

அக்டோபர் 9

ஊசி என்று பெயர். நம் கோயில் கொடிமரம் அதைவிடச் சன்னம். ஆனால் பலன் இருக்கிறது. பகலில் எரிச்சல் கம்மி. சாயங்காலம் மட்டும் பிடித்துக்கொள்கிறது. ஏன் சாயங்காலம்? அதற்கு மட்டும் என்ன அப்படி என் மேல் கோபம்?

திரௌபதி முறுக்குப் பிழிந்துகொண்டே கேட்டாள். “கோயில்ல தினம் இன்னா சாப்பிடுறீங்க?”

“பிரசாதம்.”

“இன்னா பிரசாதம்?”

“புளியோதரை.”

“புளி நிறுத்தினீங்களே, அப்போ?”

“அப்பவும்தான். பிரசாதத்தை எவன்டி சாப்பாட்டுல சேப்பான்? விரதத்தன்னிக்கே சாப்பிடுறோமே!”

முறுக்கு அச்சைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “அது பிரசாதம்னு உங்க காலுக்கு யாருங்க சொன்னது?”

புளிக்கு மறுவிசாரணை.

அக்டோபர் 23

கோயிலில் பிரசாத இலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பரசுராமனிடம் கொடுத்துவிடுகிறேன். வீட்டிலும் புளி இல்லை. சாயங்கால எரிச்சலைக் காணோம்! முந்தாநாள் வேண்டுமென்றே ஓர் இலை புளியோதரை சாப்பிட்டேன். எரிந்தது. நேற்று விட்டேன், அடங்கியது. இன்று மறுபடி சாப்பிட்டேன், மறுபடி எரிந்தது! எரிகிற காலோடு தெருவில் சிரித்துக்கொண்டே ஓடியவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். “புளியோ, மிளகாயோ, வேர்க்கடலையோ, எதுன்னு உறுதியா சொல்ல முடியாதுங்க. உங்களுக்கு ஒத்துக்கல, விட்டுடுங்க. ஊருக்கெல்லாம் சட்டம் போட்டுடாதீங்க.”

வரும் வழியில் ஏற்கெனவே மூன்று பேருக்குப் போட்டிருந்தேன்.

நவம்பர் 5

எரிச்சல் இல்லை. தயிர்சாதம். தூக்கம்.

நவம்பர் 12

திரௌபதி பரீட்சை வைத்தாள். நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அவள் ஈர்க்குச்சியால் தொடுகிற விரலைச் சொல்ல வேண்டும். இடது கால், ஐந்தும் சரி. வலது காலில் கட்டைவிரல் சரி. அடுத்தது, அதற்கடுத்தது, சரி.

“சீக்கிரம் தொடுடி.”

கண்ணைத் திறந்தேன். குச்சியின் முனை என் சுண்டுவிரலில் அழுந்தி வளைந்திருந்தது. பக்கத்து விரலிலும் ஏற்கெனவே ஒரு சிவந்த புள்ளி.

அவள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு அந்த இரண்டு விரலையும் தேய்த்துவிட்டாள்.

நவம்பர் 13

கட்டை போடுகிறவர்கள் எல்லாரும் தேரடியில் கூடினோம். எங்களுக்கெல்லாம் மூத்தவர் கண்ணாயிரம், “எரிச்சல் போயிடுச்சாமே, ராஜா! அப்புறம் இன்னா, வலது சக்கரம் உனக்குத்தான்” என்றார்.

வாய்க்கு வந்த எரிமலைகள், யானைகள், எறும்புகள் எல்லாவற்றையும் விழுங்கினேன். “வலது கால்ல கடைசி ரெண்டு விரலு, தொட்டா தெரியலண்ணே” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை.

பரசுராமன் வெகு வருஷமாகப் பின் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவன். “முன்னாடி நான் போடறேன் மாமா. நீங்க தள்ளி நின்னு கத்துங்க. அது உங்களுக்கு நல்லா வரும்.”

பயலுக்கு வாய் நீளம். யாரைக் கொண்டதோ.

நவம்பர் 16

தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது.

ஆயிரம் யானை கனமுள்ள மகாரதத்தை, பேகோபுரத் தெரு திருப்பத்தில், வெறும் வாயாலேயே நிறுத்தினேன். கட்டை போட்டது பரசுராமன். அது சின்ன விஷயம். “போடு! தள்ளு! காலை எடு! காலை எடுடா!” என்று நான் போட்ட சத்தத்தில் மலை ஓரடி நகர்ந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பரசுராமன் ஒவ்வொரு தடவையும் காலை எடுத்தான்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் திரௌபதி கேட்டாள். “கால் எரியுதா?”

எங்கே, எப்போது, எப்படி என்று நன்றாக யோசித்துப் பார்த்தேன்.

தொண்டைதான் எரிந்தது.