அம்மாவுக்கு, அப்பாவின் பட்டாளக் காகிதம் வந்த பிறகு

என்னைப் பெத்தவளே, என் ராமாத்தாளே,

பேர் சொல்லிக் கூப்பிட்டதற்கு நீ இருந்திருந்தால் முறைத்திருப்பாய். அடுத்த மாதம் உனக்கு வருஷ திதி. அதற்குள் உன்னிடம் ஒன்று கேட்டாக வேண்டும். வேறு யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

ஊர்ச் சமாச்சாரம் முதலில். கம்பெனிகளில் ஆர்டர் இல்லை. நம் தெருவில் தையல் யூனிட்டுகள் பாதி பூட்டிக் கிடக்கின்றன. நான் இன்னும் செக்கிங் வேலைக்குப் போகிறேன், வேன் இன்னும் நேரத்துக்கு வருவதில்லை. மேல் வீட்டுப் பீகார் டெய்லர் மனோஜுக்கு இரண்டாவதும் பெண். உன் பேரன் கோயமுத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வருகிறான், வந்தால் போனைத்தான் பார்க்கிறான்.

நீ போன அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாதே. சொல்கிறேன், கேள். பிறந்த வீட்டுக் கோடி போட உன் தம்பி நாச்சிமுத்து மாமா கணியூரிலிருந்து வந்தார். அவர் கையில் இரண்டு கவர். ஒன்றில் சிவப்புச் சேலை, இன்னொன்றில் வெள்ளைச் சேலை. வாசலிலேயே நின்றுகொண்டு, "எதக் கண்ணு போடறது?" என்று என்னைக் கேட்டார்.

கட்டியவன் இருக்கும்போது போனவளுக்குச் சிவப்பும் மஞ்சளும் பூவும். தாலியறுத்தவளுக்கு வெள்ளை. நம் சனத்தில் இதற்கு நடுவில் ஒன்று கிடையாது. ஆனால் நீ எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்? பாகிஸ்தான் சண்டைக்குப் பாராசூட் படையோடு போன அப்பா பிடிபட்டார் என்று தகவல் வந்தபோது நான் உன் வயிற்றில் இருந்தேன். பிடிபட்டவர்கள் திரும்பி வந்தார்கள், அவர் வரவில்லை. செத்தார் என்றும் யாரும் நம் வீட்டு வாசலில் வந்து சொல்லவில்லை. அதற்கப்புறம் அம்பது வருஷத்துக்கு மேல் கழுத்தில் தாலியும் நெற்றியில் அத்தனை பெரிய பொட்டுமாகத் திருப்பூர் முழுக்க நடந்தாய். கல்யாண வீடுகளில் உன்னை முன்னால் கூப்பிடவும் மாட்டார்கள், பின்னால் போ என்று சொல்லவும் அவர்களுக்கு வாய் வராது.

"சிவப்பு" என்றேன் நான். உன் ஓரகத்தி, பெரியம்மா, விடவில்லை. "பட்டாளத்துக்காரரு இருந்திருந்தா இத்தன வருசத்துல வந்திருக்க மாட்டாரா, அம்மிணி? ஒறம்பரை சனத்து முன்னால எதுக்கு இந்தக் கேவலம்?" என்றாள். நாலு பெண்கள் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். ஈரத்துணியால் உன் நெற்றியைத் துடைத்தார்கள். தாலியைக் கழற்றினார்கள். நான் பெரியம்மா கையைப் பிடித்துக் கத்தினேன், என்னைப் பிடித்து அந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டார்கள். வெள்ளையில்தான் போனாய், அம்மா.

அன்றைக்கே மனதில் வைத்துக்கொண்டேன். அப்பா என்ன ஆனார் என்று பட்டாளத்துக்காரர்களிடமே காகிதமாக வாங்குவது, வாங்கிக் கொண்டுபோய்ப் பெரியம்மா மூஞ்சிக்கு நேராகக் காட்டுவது. செத்தார் என்று எழுதியிராது என்று அத்தனை நிச்சயமாக இருந்தேன்.

முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனுஷர். உட்கார வைத்துப் பேசினார், ரெக்கார்டு ஆபீஸ் விலாசம் எழுதிக் கொடுத்தார். "அப்பாவோட சர்வீஸ் நம்பர் வேணுமுங்க" என்றார். நம்பருக்கு நான் எங்கே போவேன்? கடைசியில் உன் கறுப்புத் தகரப் பெட்டியில் இருந்தது. ராகி போட்டு வைத்திருந்தாயே, அதன் பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் அப்பா பேரும் நம்பரும் எழுதியிருந்ததை இத்தனை வருஷமும் நான் நின்று படித்ததில்லை.

எழுதிப் போட்டேன், பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன். போன் செய்தால் அந்தப் பக்கம் இந்தி. மனோஜ்தான் சாப்பாட்டு நேரத்தில் எனக்காகப் பேசினான். "அக்கா, பைல் இருக்குது சொல்றான். ரொம்ப பழசு, தேடணும் சொல்றான். நீ அவர் பொண்ணு தானா, அதுக்குப் பேப்பர் குடு சொல்றான்." அப்பனையே பார்க்காதவளிடம் அத்தாட்சி கேட்டால் என்ன செய்வது? என் சர்டிபிகேட்டுகளை எல்லாம் நகல் எடுத்து அனுப்பினேன்.

ஒருவழியாக நகல் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. உன் பேரன் போனைக் கீழே வைத்துவிட்டு வாசித்துச் சொன்னான். அப்பாவின் உயரம், மார்பளவு. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. நீ ஏன் எனக்கு அந்தத் தழும்பைப் பற்றிச் சொல்லவே இல்லை? பிளேனிலிருந்து குதித்துப் பழகும்போது ஒரு தடவை கால் பிசகி ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். அதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். அப்பாவைப் பற்றி எனக்கென்று கிடைத்த முதல் சேதி அதுதான் பார்.

அப்புறம் சண்டை வந்தது. எதிரியிடம் பிடிபட்டார், உடன் இருந்தவர் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார், காயம் இல்லை, நடந்தே போனார். திரும்பி வந்தவர்களில் இவர் இல்லை. விசாரணை நடக்கிறது என்று ஒரு வரி, அதன் கீழே நடக்கிறது என்றே இன்னொரு வரி. அதற்கடுத்த பக்கத்தில் பையன் நிறுத்திவிட்டான். "படிடா" என்றேன். "இறந்ததாகக் கருதப்படுகிறார். மனைவியின் சம்மதம் பெறப்பட்டது" என்று படித்தான். கீழே உன் கையெழுத்து. ரேஷன் கார்டில் போடுவாயே, அதே கோணல் எழுத்து.

மனோஜை மறுபடியும் பேசச் சொன்னேன். "பொண்டாட்டியே ஒத்துக்கிச்சு, அப்புறம் யார் தேடும் சொல்றான் அக்கா. அன்னிக்கே மூடியாச்சாம்." திறக்க முடியாதா என்று கேட்கச் சொன்னேன். "கையெழுத்துப் போட்ட ஆளு வந்து சொல்லணுமாம்." நான் போனைப் பிடுங்கி, அவங்க செத்துப் போயிட்டாங்க என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, வைத்துவிட்டார்.

பெரியப்பாதான் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியிருப்பார் என்று நினைத்தேன். அவரும் உயிரோடு இல்லை, திட்டவும் வழியில்லை. பஸ் ஏறிக் கணியூர் போனேன். மாமா காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"ஆரும் ஏமாத்துல கண்ணு. நாந்தான் அவளைக் கூட்டிட்டுப் போனேன். ஆபீசரு தமிழ்ல நல்லா வெளக்கித்தான் கேட்டாரு. செத்தவருன்னு ஒத்துக்கிட்டா பென்சன் வரும், இல்லாட்டித் தேடிக்கிட்டே இருப்போம், ஆனா அதுவரைக்கும் ஒண்ணும் வராதுன்னாரு. நீ அப்ப ரெண்டாப்புப் படிச்சுட்டிருந்தே. காய்ச்சல்ல கெடந்தே. வைத்தியத்துக்கு வழியில்ல, கஞ்சிக்கும் வழியில்ல. கையெழுத்தப் போட்டுட்டா. வெளிய வந்து பஸ் ஸ்டாண்டுல குங்குமம் வாங்கி, அங்கயே நின்னு வெச்சுக்கிட்டா. அப்புறந்தான் பஸ்ஸே ஏறுனா. 'இது புள்ளைக்குத் தெரிய வேண்டாம்டா'ன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா."

மாதம் பிறந்தால் "அப்பா சம்பளம் வந்துருச்சு" என்பாய். எனக்குப் பாவாடை எடுப்பாய். எங்கப்பா பட்டாளத்தில் இருக்கிறார் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அது செத்தவருக்குக் கொடுக்கிற பென்ஷன். நான் படித்தது, உடுத்தியது, என் கல்யாணம், எல்லாமே அவரைச் செத்தவர் ஆக்கிய காசு.

உன் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அடுத்த நிமிஷம் உன் மடியில் முகம் புதைத்து அழ வேண்டும்போல் இருக்கிறது, அதற்கு மடியும் இல்லை. காகிதத்தில் இல்லை என்று எழுதிக் கொடுத்தவரை நெற்றியில் எப்படி அம்மா வைத்திருந்தாய்? தினமும் கண்ணாடி முன் நிற்கும்போது என்ன நினைத்தாய்? நீ பேனாவைப் பிடித்த அந்த நேரத்தில் அவர் ஏதோ ஒரு சிறையில் உட்கார்ந்து, நம் ஆட்கள் தேடி வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாரா? இந்த எண்ணம் வந்துவிட்டால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. உனக்கு வந்ததா, இல்லையா? அதைத்தான் கேட்க வேண்டும் என்று இந்தக் கடிதத்தையே எடுத்தேன்.

பெரியம்மாவிடம் இனி எதைக் கொண்டுபோய்க் காட்டுவது? அவள் வாயால் சொன்னதைத்தான் நீ எழுதியே கொடுத்திருக்கிறாய்.

போன வாரம் பெரியப்பா மகன் வந்தார். எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளி இப்போது, நம் வீட்டுச் சந்துக்குள் அவர் கார் நுழையவில்லை. "அம்மிணி, ஊர்ல பட்டாளத்துல செத்தவிங்களுக்குக் கல்லு வெக்கறாங்க. சித்தப்பா பேரு மொதல்ல வரோணும். வாரிசு நீ, செத்தவருதான்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா ஆச்சு. சித்திக்கும் ஒரு நிம்மதி" என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். பேனாவையும் திறந்தே கொடுத்தார். பொறவு பாக்கலாமுங்கண்ணா என்று அனுப்பிவிட்டேன்.

அப்பா இருக்கிறார் என்று நான் நம்பவில்லை, அம்மா. இருந்தால் எண்பதை நெருங்கியிருப்பார், பேச்சே மறந்திருப்பார். இனி யாரும் தேடப் போவதில்லை, தேடினாலும் கிடைக்கப் போவதில்லை. எனக்கு ஒரு நம்பிக்கையும் மிச்சமில்லை. ஆனாலும் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். திதியன்று உனக்கு மட்டும்தான் பிண்டம் வைக்கச் சொல்வேன். ஐயர் அப்பா பேரைக் கேட்டால், அவரைப் பற்றித் தகவல் இல்லீங்க என்பேன். அந்தக் கல்லில் அவர் பேர் வராது. நீ போட்டபோது வீட்டில் குழந்தை பசியோடு கிடந்தது. எனக்கு அப்படி ஒரு கஷ்டமும் இல்லை, அதனால் நான் போட மாட்டேன். அவர் செத்துவிட்டார் என்று சொல்ல இந்த வீட்டிலிருந்து உன் ஒரு கையெழுத்தே போதும்.

இப்படிக்கு,
உன் மகள், பட்டாளத்துச் சென்னியப்பனின் மகள்,
பூங்கொடி