கிழிஞ்ச கல்யாணப் போட்டோ

ஏஞ்சலின் அப்பா,

ஆத்தூர்ல அம்மாவைப் பாத்துட்டு சாயங்கால பஸ்ஸுல வாரேன். சோறும் கத்தரிக்கா வெஞ்சனமும் மூடி வச்சிருக்கேன். சிலிண்டர் வந்தா வாங்கி வைங்க.

சாப்பாட்டு மேசையில இருக்கிற பெரிய அட்டையைத் தொடாதீங்க, பசை இன்னும் காயல. நம்ம கல்யாணப் போட்டோதான். ஈரத்துல பிரேம் கண்ணாடியோட ஒட்டியிருந்ததை வெடுக்குனு இழுத்து, உங்க முகத்தை மட்டும் கிழிச்சீங்களே, அதே போட்டோ. "இனி இது குப்பைக்குத்தான் ஆகும்"னு சொன்னீங்க. ஸ்டூடியோக்காரரும் கைய விரிச்சுட்டாரு. நான் பத்து நாளா உங்ககூடப் பேசாம, மைதாப் பசை காய்ச்சி வேலையை முடிச்சுட்டேன்.

அடியில கல்யாணப் பத்திரிகை, அதுக்கு மேல முகூர்த்தப் பட்டோட ஜரிகை, அதுக்கு மேல போட்டோ. கிழிஞ்ச இடத்துல உங்க பழைய பாஸ்போர்ட் சைஸ் படத்தை வெட்டி ஒட்டுனேன். கழுத்தும் காலரும் அச்சாப் பொருந்திருச்சு. ஜெயிச்சது நான்தான். ஏஞ்சலினும் அதைத்தான் சொல்றா.

பிரிஸ்கில்லா

சொல்ல மறந்துட்டேன். போட்டோவுல உங்க முகத்து மேல, கல்யாணத்துல நான் தலையில போட்டிருந்த வெள்ளை நெட்டுல ஒரு துண்டு தொங்கும். தூக்கிப் பாத்துராதீங்க. அன்னைக்குக் கோயில்ல என் முகத்து நெட்டைத் தூக்குனது நீங்க. இன்னைக்கு உங்களுக்கு நான் வந்துதான் தூக்குவேன்.