அப்பா கழுவிய பாட்டில்

நீடாமங்கலம் பக்கம்,
20.6.1975

அன்பு மகள் செவ்வந்திக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், டெல்லியில் நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் இளவழகனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். செவ்வந்தி, நம் தெருவுக்கு அடிபம்பு வந்துவிட்டது! சந்தோஷத்தில் கை ஓடவில்லை, எழுத்து கோணினால் சிரிக்காதே. போன தடவை பேரன் வயிற்றுப்போக்கில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தானே, தண்ணி நல்லாகாம பிள்ளையைக் கூட்டிட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாயே, உன்னை வளர்த்த குளத்துத் தண்ணிதானே என்று நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஆனாலும் அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்புதான்.

பம்பு இறக்கியது களத்து ஓரத்தில். அது என் இடம் என்று பண்ணை ரெங்கசாமி குதித்தார், தாசில்தார் வந்து அளந்து புறம்போக்கு என்று சொன்ன பிறகும் அவருக்கு ஆறவில்லை. தண்ணீரைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் குடிக்கலாம் என்று ஹெல்த் இன்ஸ்பெக்டர் வைத்தியலிங்கம் ஒரு பாட்டிலோடு வந்தார். ரெங்கசாமி அவரைத் தனியே கூப்பிட்டுப் பேச, பாட்டில் உன் அப்பா கையில் இருந்தது. இவர் சும்மா இருப்பாரா, தானே தண்ணீர் பிடித்து மூடி, காகிதமும் கட்டி, வேலையை முடிச்சு வச்சிட்டேங்க என்று நீட்டினாராம். பத்து நாள் கழித்துச் சீட்டு வந்தது, குடிக்க லாயக்கில்லை என்று! சர்க்காரே சொல்லிட்டுது, பம்பைப் புடுங்குங்க என்று ரெங்கசாமி ஆளோடு வந்து நின்றார். நாங்கள் பெண்கள் அத்தனை பேரும் பம்பைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். அன்னிக்கு எப்படிய்யா தண்ணி புடிச்சே என்று, சேதி கேட்டு வந்த ஹெல்த் இன்ஸ்பெக்டர் கேட்டதும் உன் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பாட்டில்ல ஒரே மருந்து வாடைங்க, குளத்துல நல்லா தேச்சுக் கழுவிட்டுத்தான் புடிச்சேன் என்றாரே பார்க்கலாம்! இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டு, கிருமி இல்லாம வேகவச்ச பாட்டிலுய்யா அது என்று சிரித்தார். மறுபடி அவரே வேறு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். நேற்று சீட்டு வந்தது, சுத்தமான தண்ணீராம், குடிக்கலாமாம்! தெருவே பம்பை அடித்து அடித்துக் குடித்தது, உன் அப்பா யார் கண்ணிலும் படாமல் வயலுக்குப் போய்விட்டார்.

ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை செவ்வந்தி. ஒரு தடவை குளத்தில் அலசினதற்கே அந்தப் பாட்டில் ஆகாது என்று வந்தது. அந்தக் குளத்தைத்தான் குடம் குடமாகத் தூக்கி வந்து உனக்குக் கொடுத்தேன், பேரனுக்கும் கொடுத்தேன். நீ சொன்னதுதான் சரி, நான்தான் கோபித்துக்கொண்டேன்.

ஆடிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கட்டாயம் வா. அவனுடைய பால் பாட்டிலை மட்டும் அப்பா கையில் கொடுத்துவிடாதே. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். பேரனுக்கு நம் பம்புத் தண்ணீரில் முதல் டம்ளரை நான்தான் கொடுப்பேன், சொல்லிவிட்டேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
ம. பொன்னுத்தாய்